இரத்தம் எழுதிய பேரேடு

சம்பளப் பட்டுவாடா முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் தஞ்சோங் டாவாய்க்குப் போய் வருவது நமது நெடுநாளைய வழக்கம். செமிலிங், மெர்போக் ஊர்களின் வழியாகப் போகும் சாலை கடலோரத்தில் சென்று முடியும் இடம் அது. மெர்போக் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த மீன்பிடி ஊர். வடக்கே ஜெராய் மலை மேகத்தில் தலையை மறைத்து நிற்கும். ஆற்றங்கரை நெடுகக் கண்டற்காடு. எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா. ஊருக்குள் நுழையுமுன்னரே கருவாட்டின் வாசமும் பெலாச்சானின் வாசமும் வந்து நம்மை எதிர்கொள்ளும். நமக்கு வேண்டியதோடு தோட்டத்து வீடுகள் சிலவற்றுக்கும் கருவாடு வாங்கி வருவதை நாம் ஒரு கடமையாகவே கொண்டிருந்தோம். கிராணி வாங்கி வந்தால் நிறுவை பிசகாது என்பது அவர்கள் எண்ணம்.

சென்ற ஆண்டில் ஒரு மாதம் அவ்வீடுகளுள் ஒன்றிற்கு மட்டும் நாம் கருவாடு வாங்கவில்லை. அவ்வீட்டுப் பெண் குழந்தைக்கு மருத்துவர் உப்பை விலக்கியிருந்தார். ஏன் விலக்கினார் என்று கேட்கப் புகுந்த நாம், பாக்டீரியா என்னும் நுண்ணுயிர் உமிழும் ஒரு பொருளைப் பற்றியும், அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கப் பலர் பட்ட பாட்டைப் பற்றியும் தெரிந்துகொண்டோம். அதனோடு நம்மைப் பற்றியும் ஓர் உண்மையைத் தெரிந்துகொண்டோம். இரண்டையும் நேயர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

நாம் ஒரு தோட்டத்துக் கிராணி. வயது முப்பதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நமது தோட்டம் முன்னாளில் ரப்பர்த் தோட்டம். இப்போது பெரும் பகுதி செம்பனை. முன்பு லயங்கள் நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. இன்று காலைப் பெரட்டுக்கு வந்து நிற்போரில் பலர் வெளிநாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். எஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுள் நாம் சொல்லவந்த குடும்பமும் ஒன்று. தாய் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்கிறார். தகப்பன் காலமாகிவிட்டார். பாட்டி ஒருத்தி, ஏழு வயதுப் பெண் ஒருத்தி, அவளுக்கு இளையவன் ஒருவன். இவ்வளவே குடும்பம்.

மழைக்காலத்தில் ஒருநாள் பெரட்டு முடிந்தபின் அவ்வம்மாள் ஆபீசு வாசலில் வந்து நின்றார்.

“ஐயா, புள்ளைக்குக் காலெல்லாம் செரங்கு. ராத்திரி பூரா சொறிஞ்சிக்கிட்டுத் தூங்க மாட்டேங்குது. நாளைக்குக் கிளினிக்குக்குக் கொண்டு போவணும். ஒரு நாள் லீவு குடுங்கையா” என்றார்.

அது மாதக் கடைசி. கணக்கு முடிக்க வேண்டிய நேரம்; ஆள் பற்றாக்குறை வேறு. நாம் குனிந்த தலை நிமிராமல், “செரங்குதானே அக்கா, சம்பளக் கணக்கு முடியட்டும், அடுத்த வாரம் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாள் வேலைக்காட்டிற்குப் போனார். செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே வழக்கம்போல் ஒரு கோடு விழுந்தது. அடுத்த வாரமும் வந்தது. நமக்கு அந்நினைவு வரவில்லை; அவரும் மறுமுறை கேட்கவில்லை. ஏழை ஒருமுறை கேட்டு இல்லையென்ற சொல்லைப் பெற்றால் இரண்டாம் முறை கேட்கத் தயங்குவான் என்பது, நாள்தோறும் அவர்கள் முகத்தில் விழிக்கும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாட்டி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிள்ளையின் கையில் ஒரு மஞ்சள் கயிறும் கட்டினார். அக்கயிற்றைக் கண்டு நாம் மனத்துக்குள் நகைத்ததை மறைக்க விரும்பவில்லை. ‘இன்னுமா இந்த மூடத்தனம்!’ என்று எண்ணினோம்.

மூன்று வாரத்திற்கு மேல் கழிந்தது. சிரங்கு ஏறக்குறைய ஆறிவிட்டது. ஒரு விடியற்காலையில் பிள்ளையின் முகம் வீங்கி, இமைகள் திறக்க மாட்டாமல் தடித்திருந்தன. சிறுநீர் கடுந்தேநீரின் நிறத்தில் இறங்கிற்று. தாய் ஓடிவந்து கதவைத் தட்டினார். நமது வண்டியிலேயே பட்டணத்து அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். சிறுநீரகங்கள் அழற்சியுற்றிருக்கின்றன, இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று சொல்லிப் படுக்கையில் சேர்த்தார்கள்.

அங்கே பணியிலிருந்த பெண் மருத்துவர் தமிழ்ப் பெண். தாமும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று பின்னர்ச் சொன்னார். அவர் முதலில் கேட்ட கேள்வி, “இந்தப் பிள்ளைக்கு அண்மையில் தொண்டைவலி வந்ததா? அல்லது தோலில் புண் இருந்ததா?” என்பதுதான். தாய் நம்மைப் பார்த்தார். நாம் தரையைப் பார்த்தோம்.

“புண் காலில் இருந்தது, கெட்டது சிறுநீரகம் என்கிறீர்களே, அஃது எப்படி?” என்று கேட்டோம். சிரங்கினால் சொறிந்த இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா குடியேறும். அதனை எதிர்க்க உடல் செய்யும் போரில் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் சேதமுறும். புண் கண்ட பின்னர், மூன்று முதல் ஆறு வாரத்திற்குள் இது வெளிப்படும் என்று அவர் விளக்கினார். பிறகு இரண்டு சோதனைத் தாள்களைக் காட்டினார். முதலாவது, தொண்டைப்புண் கண்டவர்களிடம் வழக்கமாகச் செய்யும் சோதனை. அதில் கணக்கு ஏறவில்லை. இரண்டாவது, வெளியூருக்கு அனுப்பி வரவழைத்தது. அதில் கணக்கு வெகுவாக ஏறியிருந்தது. அதன் தலைப்பில் ‘ஆன்டி டி.என்.ஏயேஸ் பி’ என்று இருந்தது.

“இந்தப் பாக்டீரியா டி.என்.ஏவை வெட்டும் ஒரு நொதியை வெளியே உமிழ்கிறது. அதற்கு எதிராகப் பிள்ளையின் இரத்தம் ஓர் எதிர்ப்பொருளைச் செய்து வைத்திருக்கிறது. பாக்டீரியா போய்விட்டது, ஆனால் அது வந்துபோன கணக்கு இரத்தத்தில் இருக்கிறது” என்றார் மருத்துவர்.

கணக்கு என்ற சொல் நம்மைத் தைத்தது. நமது பேரேட்டில் அந்நாளுக்கு நேரே ஆள் வேலைக்கு வந்ததாக மட்டுமே இருந்தது. பிள்ளைக்குப் புண் இருந்தது என்பதை எழுதி வைத்தது அப்பிள்ளையின் இரத்தம் ஒன்றே.

நாம் படித்தது ஆங்கில வழி. 2003ஆம் ஆண்டில் இந்நாட்டுப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்படலாயின. அவ்வாண்டில் முதற்படிவத்தில் நுழைந்த பிள்ளைகளுள் நாமும் ஒருவர். டி.என்.ஏ. என்பதற்கும் நொதி என்பதற்கும் இலக்கணம் மனப்பாடமாகச் சொல்லித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றோம். ஆயினும் சிரங்கு என்ற தமிழ்ச் சொல்லைக் கேட்டபோது அந்த ஆங்கிலப் பாடம் நமக்குச் சிறிதும் உதவவில்லை. பாடம் ஒரு மொழியில், பிள்ளையின் புண் வேறொரு மொழியில் என்று நம் மனம் பிரித்து வைத்திருந்தது போலும். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின்புதான் இதனை உண்மையாகவே படிக்கத் தொடங்கினோம்.

டி.என்.ஏ. என்பது உயிரணுவுக்குள் இருக்கும் நீண்ட இழை. பரம்பரைக் குணங்கள் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை இன்று பள்ளிப் பிள்ளையும் அறியும். ஆனால் அதனை மெய்ப்பிக்க உதவியவற்றுள் ஒன்று அவ்விழையை அறுக்கும் நொதியே என்பதைப் பலர் அறியார். 1944இல் நியூயார்க்கில் ராக்பெல்லர் நிலையத்தைச் சேர்ந்த ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி என்னும் மூவர், ஒருவகைப் பாக்டீரியாவின் குணத்தை மற்றொன்றுக்கு மாற்றும் பொருள் டி.என்.ஏ.தான் என்று காட்டினர். புரதத்தைச் சிதைக்கும் நொதியை இட்டபோது அப்பொருளின் ஆற்றல் கெடவில்லை, டி.என்.ஏவைச் சிதைக்கும் நொதியை இட்டபோது கெட்டது. அவர்கள் அப்போது கையாண்ட நொதி அத்துணைத் தூய்மையானதன்று. 1946இல் மெக்கார்ட்டி மாட்டின் கணையத்திலிருந்து அந்நொதியை மேலும் தூய்மையாகப் பிரித்துக் கொண்டுவந்து அச்சோதனையை உறுதிப்படுத்தினார்.

அதே மெக்கார்ட்டி 1948இல், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்த நீரை வடிகட்டிப் பார்த்து, அதிலும் டி.என்.ஏவை அறுக்கும் நொதி இருப்பதைக் கண்டார். அதே காலத்தில் நியூயார்க்கில் டில்லெட், ஷெர்ரி, கிறிஸ்டென்சன் என்போரும் இதனைக் கண்டனர். நுரையீரலைச் சுற்றித் தேங்கும் சீழ் ஏன் அவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் அவர்கள். இறந்த வெள்ளணுக்களிலிருந்து வெளிப்பட்ட டி.என்.ஏ. அச்சீழில் ஏராளமாக இருந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸின் நொதியை விட்டபோது அந்தத் தடித்த சீழ் நீராக இளகிற்று. பகைவனின் ஆயுதத்தையே மருந்தாக்கி 1949 வாக்கில் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள்.

இவற்றையெல்லாம் படித்தும், ஒரு நொதியைத் ‘தூய்மைப்படுத்துவது’ என்றால் உண்மையில் கையால் என்ன செய்கிறார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை. அதனை விளக்கியவன் நமது தோட்டத்துப் பழைய தண்டலின் பேரன். உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளை. விடுமுறைக்கு வந்திருந்தவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் டாவாய்க்கு அழைத்துப் போனோம். படகுத்துறையில் உட்கார்ந்துகொண்டு, நமது தோட்டத்துப் பொருள்களைக் கொண்டே அவன் நமக்குப் பாடம் சொன்னான்.

“அண்ணே, நொதி பாக்டீரியாவுக்கு உள்ளே இருந்தால் பாக்டீரியாவை உடைக்க வேண்டும். இது வெளியே உமிழும் நொதி, ஆகவே பாதி வேலை மிச்சம்” என்று தொடங்கினான். பாக்டீரியாவைக் குழம்பில் வளர்ப்பார்கள். பின்னர்ச் சுழலும் எந்திரத்திலிட்டுச் சுற்றினால் பாக்டீரியா அடியில் படியும். நொதி மேல்நீரில் நிற்கும். அந்நீரில் நொதி மட்டுமன்று, வேறு நூறு பொருளும் இருக்கும். முதலில் அதில் அம்மோனியம் சல்பேட்டைக் கொட்டுவார்கள். நாம் வியந்துபோனோம்! நமது ஸ்டோரில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் உரம் அன்றோ அது? அதேதான், தூய்மையில்தான் வேறுபாடு. ரப்பர்ப் பாலில் அமிலத்தை விட்டால் பால் உறைந்து கட்டியாகத் திரண்டு, நீர் தனியே பிரிவதைத் தோட்டத்தில் பார்க்காதவர் யார்? ஏறக்குறைய அதுபோலவே, உப்பு மிகுந்தால் புரதங்கள் கரைந்திருக்க மாட்டாமல் திரண்டு விழும். எந்த அளவு உப்பில் எது விழும் என்பது புரதத்துக்குப் புரதம் வேறுபடும்.

விழுந்ததை எடுத்துக் கரைத்து, மெல்லிய சவ்வுப் பையிலிட்டு நீரில் ஊறப்போடுவார்கள். உப்பு பையைக் கடந்து வெளியேறும். நொதி பெரியதாகையால் உள்ளேயே நிற்கும். “அங்கே பாருங்கள், கருவாட்டை ஊறவைத்து உப்பைக் கழிப்பதில்லையா, அதுதான்” என்று, காயப்போட்டிருந்த மீன்களைக் காட்டினான். அடுத்து, மின்னேற்றமுள்ள சிறு மணிகளை நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியாக அதனைச் செலுத்துவார்கள். சில புரதங்கள் மணிகளில் ஒட்டும், சில ஒட்டா. ஒட்டியவற்றைச் சிறிது சிறிதாக உப்பு நீர் விட்டு இறக்கி, வரிசையாக வைத்த சோதனைக் குழாய்களில் பிடிப்பார்கள். பிறகு பருமனை அளந்து பிரிக்கும் வேறொரு குழாய். ஒவ்வொரு படியிலும், எந்தச் சோதனைக் குழாயில் நொதி இருக்கிறது என்று தேட வேண்டும். டி.என்.ஏ. கலந்த கூழ்த் தட்டில் ஒரு துளி விட்டு வைத்திருந்து, பின் அமிலத்தை ஊற்றினால் தட்டு முழுவதும் வெண்மையாகக் கலங்கும். நொதி அறுத்த இடம் மட்டும் நிலவைச் சுற்றிய பரிவட்டம்போல் தெளிந்து நிற்கும். 1957 முதல் ஆய்வுக்கூடங்களில் வழங்கிவரும் சோதனை இது. சீழ்க்கட்டியை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸை அடையாளம் காண இன்றும் இது பயன்படுகிறது.

இறுதியில் ஓர் அட்டவணை எழுதுவார்கள் என்று அவன் சொன்னபோது, நமது தொழிலே அங்கு வந்துவிட்டது. ஒவ்வொரு படியின் முடிவிலும் மொத்தப் புரதம் எவ்வளவு, அதில் வேலை செய்யும் ஆற்றல் எவ்வளவு, ஒரு மில்லிகிராமுக்கு ஆற்றல் எவ்வளவு, தொடங்கியதில் நூற்றுக்கு எவ்வளவு மிஞ்சிற்று, எத்தனை மடங்கு தூய்மை ஏறிற்று என்று வரிசையாகக் கட்டம் போட்டு நிரப்புவார்கள். படிதோறும் நொதியில் ஒரு பகுதி கைநழுவிப் போகும். எஞ்சியது மேன்மேலும் தூய்மையாகும். இழப்பை மறைக்காமல் எழுதுவதே அவ்வட்டவணையின் நேர்மை. நமது பேரேடுகளில் அவ்வாறு எழுதுகிறோமா என்று நாம் எண்ணிப் பார்த்தோம்.

தூய்மையான நொதி கிடைத்தபின் அதன் குணங்களை விசாரிப்பார்கள். எந்த வெப்பத்தில் நன்றாக வேலை செய்கிறது? புளிப்பு வேண்டுமா, காரம் வேண்டுமா? எந்த உலோகம் துணை? டி.என்.ஏவை மட்டும் அறுக்கிறதா, ஆர்.என்.ஏவையுமா? ஸ்டெஃபிலோகாக்கஸ் உமிழும் நொதி 149 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. கால்சியம் இல்லாவிடில் செயலற்று நிற்கும். கொதிக்க வைத்தாலும் ஆறியபின் மீண்டும் வேலை செய்யும். ஸ்ட்ரெப்டோகாக்கஸின் நொதிக்கோ மக்னீசியம் துணை.

இவ்வளவு பாடுபட்டுத் தூய்மைப்படுத்துவது எதற்கு? நமது தோட்டத்துப் பிள்ளையின் சோதனைத் தாளே இதற்கு விடை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உமிழ்வது ஒரு நொதியன்று. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த லூயிஸ் வானமேக்கர் 1958இல் அவற்றுள் மூன்றை வேறு வேறாகப் பிரித்து ஏ, பி, சி என்று பெயரிட்டார். 1967இல் நான்காவதான டி-யின் குணங்களும் வெளியாயின. ஏ, சி இரண்டும் டி.என்.ஏவை மட்டுமே அறுக்கும். பி, டி இரண்டும் ஆர்.என்.ஏவையும் அறுக்கும். ஒன்றை எதிர்க்கும் எதிர்ப்பொருள் மற்றொன்றைத் தடுப்பதில்லை. ஆகையால் நான்கும் கலந்த கலவையை வைத்துக்கொண்டு நோயாளியின் இரத்தத்தைச் சோதித்தால் ஒன்றும் விளங்காது. இவ்வினப் பாக்டீரியாவில் பெரும்பாலானவை உமிழும் ‘பி’யைத் தனியே பிரித்த பின்புதான் சோதனை பயனுடையதாயிற்று. இரத்தத்தின் தெளிநீரையும் அளந்த நொதியையும் கலப்பார்கள், டி.என்.ஏவைச் சேர்ப்பார்கள், சற்று நேரம் வைத்திருந்து சாராயச் சத்தை விடுவார்கள். எதிர்ப்பொருள் நொதியைத் தடுத்திருந்தால் டி.என்.ஏ. அறுபடாமல் நூல்நூலாகத் திரளும், தடுக்காவிட்டால் திரளாது.

வானமேக்கர் குழுவினர் தோற்புண்களைக் கருத்தூன்றி ஆராய்ந்தார்கள். மின்னசோட்டாவின் ரெட் லேக் என்னும் பழங்குடியினர் ஒதுக்கிடத்தில் 1953இல் பிள்ளைகளிடையே சிறுநீரக நோய் பரவியது. தொண்டைப்புண்ணுக்கென வகுத்த பழைய சோதனை, தோற்புண் கண்டவர்களிடம் ஏறுவதில்லை என்பதும், ‘பி’யின் எதிர்ப்பொருள் ஏறுகிறது என்பதும் 1970இல் அக்குழுவினர் வெளியிட்ட கட்டுரையில் தெளிவாயின. தென் டிரினிடாடில் சான் பெர்னாண்டோ மருத்துவமனையில் டாக்டர் பூன்-கிங் என்பார் 1960களில் இதே நோய் மீண்டும் மீண்டும் பரவியதை எழுதினார். சிரங்கின் பரவலும் சிறுநீரக நோயின் பரவலும் அங்கே சேர்ந்து வந்ததை 1972இல் வெளியான ஒரு கட்டுரை காட்டிற்று. டிரினிடாடின் தென்பகுதி கரும்புத் தோட்டங்களின் நாடு; இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழியினர் மிகுதியாக வாழும் இடம். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்களும் அவர்களுள் உண்டு. நெருக்கமான வீடு, போதாத நீர், சொறிந்துகொண்டு உறங்கும் பிள்ளை! கடல்கள் பல கடந்தும் தோட்டத்தின் விதி ஒன்றாகவே இருந்திருக்கிறது.

பாக்டீரியா ஏன் இந்நொதியை உமிழ்கிறது என்பதற்கு 2004க்குப் பிறகுதான் நல்ல விடை கிடைத்தது. பெர்லினிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிலையத்தார் அவ்வாண்டில் ஒரு விந்தையைக் கண்டனர். நமது வெள்ளணுக்களில் ஒருவகை, தன் டி.என்.ஏவையே வெளியே வீசி வலையாக விரித்துப் பாக்டீரியாவைப் பிடிக்கிறது. மீனவன் வலை வீசுவதும் மீன் அறுத்துக்கொண்டு போவதும் தஞ்சோங் டாவாயில் அன்றாடக் காட்சி. ஸ்ட்ரெப்டோகாக்கஸும் தன் நொதியால் அவ்வலையை அறுத்துத் தப்புகிறது என்பதை 2006இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஆனால் தப்பிய மீன் வலையில் செதிலை விட்டுப் போவதுபோல, அது நொதியை விட்டுப்போகிறது. உடல் அந்நொதியை அடையாளம் கண்டு எழுதி வைத்துக்கொள்கிறது.

அன்று துறையில் ஒரு படகைக் கரையேற்றி, அடிப்புறத்து வழுவழுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். தண்டலின் பேரன் அதனைக் காட்டி, “அதிலும் டி.என்.ஏ. இருக்கிறதண்ணே” என்றான். பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டி வாழும் அந்தப் பிசினில் டி.என்.ஏவும் ஒரு பசையாக நிற்கிறது என்று 2002இல் ஆஸ்திரேலியாவில் கண்டனர். 2010இல் இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தார், கடற்பாசியின் மேல் வாழும் ஒரு பாக்டீரியா அப்பசையை அறுக்கும் நொதியை உமிழ்வதைக் கண்டு பிரித்தெடுத்தனர். துணி வெளுக்கும் தூளிலும் இவ்வின நொதிகள் இன்று சேர்கின்றன. ஒரே அரிவாள், பிடித்த கையைப் பொறுத்து நன்மையும் தீமையும் விளைகின்றன.

இனி நம் கதைக்கு வருவோம். பிள்ளை பத்து நாள் படுக்கையில் இருந்தாள். வீக்கம் வடிந்தது, இரத்த அழுத்தம் இறங்கிற்று. இந்நோய் கண்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் முழுதும் நலமடைவர் என்று மருத்துவர் தேற்றினார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் நாம் அவரைத் தனியே கண்டு, பல நாளாக நெஞ்சிலிருந்த கேள்வியைக் கேட்டோம்.

“அன்றே கிளினிக்குக்குக் கொண்டு போயிருந்தால் இது வந்திராதா?”

அவர் சற்று யோசித்தார். “அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. புண்ணுக்கு மருந்து கொடுத்தும் சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு. ஆனால் மருந்து கொடுத்திருந்தால் அப்புண் இன்னும் நாலு பிள்ளைகளுக்குப் பரவுவது குறைந்திருக்கும், அவள் இரவில் தூங்கியும் இருப்பாள்” என்றார்.

நம்மைக் குற்றவாளி என்று அவர் சொல்லியிருந்தால் தலைகுனிந்து ஏற்றிருப்போம். குற்றமில்லை என்றிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்போம். அவர் இரண்டும் சொல்லவில்லை, உண்மையைச் சொன்னார். நோய்க்கு நாம் காரணம் என்று எந்தச் சோதனைத் தாளும் மெய்ப்பிக்காது. ஆனால் ஒரு பிள்ளையின் தூக்கத்தைவிட ஒரு நாள் கணக்குப் பெரிது என்று நாம் தீர்ப்பளித்ததற்குச் சோதனை எதுவும் வேண்டியதில்லை.

அப்போதுதான் பாட்டியின் மஞ்சள் கயிறு நினைவுக்கு வந்தது. கயிறு பாக்டீரியாவைக் கொல்லாது, அதில் ஐயமில்லை. ஆனால் அம்மூதாட்டி புண்ணைப் புண் என்று மதித்துத் தன்னால் இயன்றதைச் செய்தார். அறிவியல் படித்த நாமோ ‘சிரங்குதானே’ என்றோம். ஏழையின் புண் சிறிய புண் என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. முன்னதை ஒழிக்க மேடையில் பேசுகிறோம். பின்னதை ஒழிக்க நமது நாற்காலியில் இருந்தே தொடங்க வேண்டும்.

பிஜித் தீவுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சியை மருத்துவர் நமக்குச் சொன்னார், 2015இல் வெளியானது. ஊரார் அனைவருக்கும் ஒருசேர மாத்திரை கொடுத்த தீவில், சிரங்கு நூற்றுக்கு 32 பேரிடமிருந்து 2 பேராகக் குறைந்தது. தோற்புண் 25இலிருந்து 8ஆக இறங்கிற்று. ஒருவனுக்கு மட்டும் மருந்திட்டால் பக்கத்துப் பாயிலிருந்து மீண்டும் தொற்றும்; எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடவேண்டும் என்பதே அதன் சாரம்.

இதனை எழுதி மேலாளரிடம் கொடுத்தோம். அவர் இருமுறை திருப்பினார். மூன்றாம் முறை, ஆள் படுத்தால் எத்தனை நாள் வேலை கெடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். அந்த மொழி அவருக்கு விளங்கிற்று. ஒருநாள் மாலை கிளினிக்குத் தாதியர் வந்தனர். தமிழர் வீடு, வெளிநாட்டார் வீடு என்ற வேறுபாடின்றி லயம் முழுவதும், கழுத்து முதல் பாதம்வரை அனைவரும் பூசும் மருந்து கொடுத்தார்கள். படுக்கை விரிப்புகள் எல்லாம் அன்றே துவைக்கப்பட்டன. தண்ணீர்க் குழாய் இரண்டு கூடுதலாகக் கேட்டிருக்கிறோம், ஒன்று வந்திருக்கிறது. பெரிய சாதனை என்று சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. செக்ரோலின் ஓரத்தில் பிள்ளைகளின் நோய்க்கென்று ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். யார் வந்து கேட்டாலும் முதலில் தலையை நிமிர்த்துவது என்றும் ஒரு விதி செய்துகொண்டோம்.

உப்பு விலக்கியிருந்த மாதத்தில் தஞ்சோங் டாவாயில் கருவாட்டுக் கடைகளைக் கடந்து போய், அப்போதுதான் படகிலிருந்து இறங்கிய பச்சை மீன் ஒரு கிலோ வாங்கினோம். பனிக்கட்டியிலிட்டு அவ்வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாட்டி உப்பில்லாமல் குழம்பு வைத்தார். பிள்ளை ஒரு வாய் உண்டுவிட்டு முகத்தைச் சுளித்து, “கிராணி ஐயா, இது நல்லாவே இல்ல” என்றாள். வீக்கம் வடிந்த அந்த முகம் சுளித்ததைக் கண்டு தாய் சிரித்தார். நாமும் சிரித்தோம்.

சில மாதங்களுக்குப் பின் சிறுநீர்ச் சோதனை சரியாக வந்தது. மருத்துவர் உப்பை அனுமதித்தார். இப்போது மாதந்தோறும் அவ்வீட்டிற்கும் நெத்திலி வாங்குகிறோம். நிறுவை சரியாகவே இருக்கிறது.